இலவச மேடையும் செவிச் செல்வமும்

பெருநாளன்று அபிசீனியர் ஈட்டியும் கேடயமும் ஏந்தி மதீனத்துப் பள்ளிவாயிலில் விளையாடிக் காட்டினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னே நிறுத்தி, அன்னையார்க்கே போதுமென்று தோன்றுமளவும் அதனைக் காணச் செய்தார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதை ஓதுதற்கென்று அப்பள்ளியிலேயே மேடை ஒன்று இடப்பட்டதையும் ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அங்கே நுழைவுச் சீட்டும் இல்லை. முன்வரிசை பின்வரிசை என்ற விலைப் பாகுபாடும் இல்லை. ஆகவே பொதுவெளியில், எல்லார்க்குமாக, விலையின்றி நிகழும் கலை நிகழ்ச்சி நமக்குப் புதியதன்று. இதனை முதற்கண் கூறி வைத்தே, இன்று நகரப் பூங்காக்களிலும் திடல்களிலும் நடந்துவரும் இலவச இசை நிகழ்ச்சிகளை மதிப்பிடப் புகுகின்றோம்.

தமிழகத்தில் இவ்வகை முயற்சிகளுள் பெயர்பெற்றது சென்னை சங்கமம். 2007ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கிய இவ்விழா, சபா மண்டபங்களுள் அடைபட்டிருந்த இசையையும், கிராமத்து எல்லையோடு நின்றிருந்த கலைகளையும் தலைநகரின் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தது. 2011க்குப் பின் நின்றுபோய், 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் அரசால் எடுக்கப்பட்டது. அதன்பின் ஒரு தைத்திங்களில், மகள் இல்லம் சென்றிருந்த காலை, யாமும் ஒரு பூங்காவில் இரு மாலைப் பொழுதுகள் அமர்ந்து கேட்டோம்.

நல்லதை முதலில் சொல்லுதல் திறனாய்வாளனின் கடமை. தவிலும் நாகசுரமும் ஒலிக்கத் தொடங்கியபோது, பணி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளப் பெண்மணி ஒருவர் நடைபாதை ஓரத்தில் நின்றார். தம் பையைக் கீழே வைத்தார். ஒரு கீர்த்தனை முடியுமட்டும் அசையாமல் நின்று கேட்டார். அவரை எந்தச் சபாவும் அழைத்ததில்லை. அவர் அருகே மகிழுந்தில் வந்திறங்கிய குடும்பம் ஒன்றும் அதே மண்ணில் நின்றது. இவ்விருவரையும் ஒரே தாளத்துக்குத் தலையசைக்க வைத்தது அந்த இலவச மேடை. இந்த ஒரு காட்சிக்காகவே அவ்விழாவைப் பாராட்டலாம்.

ஆனால் அக்கீர்த்தனை முடிந்ததும் நிகழ்ந்தது வேறு. நாகசுரக் கலைஞர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுக்கும் முன்னரே அறிவிப்பாளரின் குரல் ஒலிபெருக்கியில் எழுந்தது. அடுத்தது கரகம், அதற்கடுத்தது பறை, அதற்கும் அடுத்தது மற்றொன்று. செவி ஒன்றில் படியுமுன் கண் வேறொன்றுக்கு இழுக்கப்பட்டது. எல்லாக் கலைகளையும் காட்டிவிட வேண்டுமென்ற ஆர்வத்தில் எந்தக் கலையையும் கேட்க விடாத நிலை உண்டாயிற்று. பையைக் கீழே வைத்த அப்பெண்மணி பறை தொடங்கும் முன்னரே அதனை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவரை வரவழைத்த மேடை, அவரை இருத்தி வைக்கவில்லை.

இக்குறை எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்தல் வேண்டும். மேனாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆர்தர் ஃபீட்லர் என்னும் இசைஞர், அரங்கக் கட்டணம் செலுத்த இயலாதவரும் கேட்கட்டும் என்று, 1929ஆம் ஆண்டுக் கோடையில் சார்லஸ் ஆற்றங்கரையில் இலவச இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். நியூயார்க் நகரின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1965 முதல் நகரப் பூங்காக்களில் கோடைக்கால இரவுகளில் இசைக்கத் தலைப்பட்டது. இவற்றின் சிறப்பு யாதெனின், அரங்கத்தில் முழுமையாக இசைக்கப்படும் படைப்பை ஆற்றங்கரைக்கும் கொண்டு சென்றதேயாகும். ஏழை கேட்கிறான் என்பதற்காகப் பாட்டைத் துண்டாக்கிக் கொடுப்பது ஏழைக்குச் செய்யும் மரியாதை அன்று.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மொராக்கோவின் மராகேஷ் நகரத்து ஜாமிஉல் ஃபனா சதுக்கம். யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் இதனை மானிடரின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அங்கே கதைசொல்லியும் பாடகரும் வெறுந்தரையில் நிற்பர். கேட்போர் அவரைச் சூழ்ந்து வட்டமாக நிற்பர். அவ்வட்டத்துக்கு ‘ஹல்கா’ என்று பெயர். நம் மதரஸாக்களில் ஆசிரியரைச் சூழ்ந்து மாணவர் அமரும் வட்டத்துக்கும் இதுவே பெயர் என்பதை அறிந்தோர் அறிவர். அச்சதுக்கத்தில் மேடை இல்லை. கேட்போர் நிற்கும் வட்டமே அரங்கம். வட்டம் கலைந்தால் நிகழ்ச்சி முடிந்தது. வட்டம் நிலைத்தால் கதை தொடரும். விரும்பியவர் முடிவில் காசு இடுவர். நுழைவு இலவசம், ஆயினும் கலைஞனின் உழைப்பு இலவசமாகக் கருதப்படுவதில்லை. இந்த நுட்பத்தை நாம் மறத்தலாகாது.

இசை கேட்டல் ஆகுமா ஆகாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்க யாம் முனையவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ‘ஸமாஉ’ என்னும் செவியுறுதலுக்கெனத் தனியொரு பகுதியே வகுத்து, இருதரப்பு வாதங்களையும் நிறுத்துப் பார்த்திருக்கின்றார்கள். அதில் பக்தாதின் ஞானி ஜுனைத் (ரஹ்) அவர்களின் கருத்தொன்றை எடுத்தாள்கின்றார்கள். செவியுறுதலுக்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் கேளாதிருத்தலே நன்று என்பது அதன் சாரம். ஞானியர் மன்றத்துக்குச் சொன்ன அளவுகோல் இது. எனினும் திறந்தவெளி இசை நிகழ்ச்சியைத் திறனாய்வதற்கு இதனினும் சிறந்ததோர் அளவுகோலை யாம் கண்டிலோம்.

முதலாவது காலம். தைத்திங்களில் கதிரவன் மறைவது ஏறத்தாழ மாலை ஆறு மணிக்கு. மாலைநேர நிகழ்ச்சி எனின் அது மஃரிபை ஒட்டியே தொடங்கும். தொழுகைக்குரிய சிறு இடைவெளி விட்டால் நம் குடும்பங்களும் நிம்மதியாக வந்து அமரும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இதனைத் தடையெனக் கருதி முறுமுறுப்போர் உளர். யாமோ, நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் இரவை விட்டுக் கொடுக்கும் இசையே செவிக்கு இனியது என்போம்.

இரண்டாவது இடம். இங்கேதான் எம் ஊர் எமக்குப் பாடம் கற்பித்தது. பச்சைமலைச் சாரலில் உள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்போனது; 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தேர்ச்சிற்பங்களும் சிறு வடிவங்களும் இங்கே செதுக்கப்படுகின்றன. சென்னையிலிருந்து திரும்பியபின், எம் தெருவை அடுத்த பட்டறையில் முதிய சிற்பி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். தேருக்கான பலகையில் உளி ஏன் இத்துணை ஆழமாக இறங்குகிறது என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“வாத்தியாரய்யா, வீட்டுக்குச் செதுக்குறத கையில எடுத்துப் பாப்பாங்க. தேருக்குச் செதுக்குறத தெருவுல நின்னு அண்ணாந்து பாப்பாங்க. ஆழமா வெட்டணும். சின்னச் சின்ன நகாசு வேலையெல்லாம் அங்க எடுபடாது.”

திறந்தவெளி இசையின் இலக்கணமே இதுதான். திடலுக்குச் சுவரில்லை, ஒலி திரும்பி வாராது. அறைக்குள் இழைக்கும் நுண்ணொலிகள் அங்கே காற்றோடு போய்விடும். இக்குறையை ஒலிபெருக்கியைக் கூட்டி நிரப்ப முயல்வது, ஆழமாக வெட்டத் தெரியாதவன் வண்ணம் பூசி மறைப்பதை ஒக்கும். நாகசுரம் வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். திருவரங்கத்தில் வாழ்ந்து 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு அவர்கள் அவ்வாத்தியத்தில் பெற்ற புகழை நாடறியும். பக்கீர்மாரின் தாயிராவும் வெளிக்குரிய வாத்தியமே. நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரல் திடலின் கடைசி வரிசையையும் எட்டியதற்குக் காரணம், சொல்லை ஆழமாக வெட்டி நிறுத்தும் அவர்தம் உச்சரிப்பு. 2015இல் அன்னார் மறைந்த பின்னும் அக்குரல் நம் இல்லங்களில் ஒலிப்பது அதனால்தான்.

மூன்றாவது உடனிருப்போர். பொதுத்திடலில் கேட்போரைத் தேர்ந்தெடுக்க இயலாது. அதுவே அதன் பெருமை. ஆயினும் கேட்போரைப் பயிற்றுவிக்க இயலும். சீறாப்புராணம் வாசிக்கப்பட்ட மரபை எண்ணிப் பாருங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட உமறுப்புலவரின் அப்பெருங்காப்பியத்தை ஒருவர் இசையோடு படிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். எழுத்தறியாத மூதாட்டியும் பொருளறிந்து கேட்பார். இலவசம் என்பதால் தரம் தாழவில்லை. கேட்போரின் தரம் உயர்ந்தது. இன்று அவ்வாறு வாசிக்க வல்லார் எத்தனை பேர்? அரசு மேடையில் நம் பாடல்களுக்கு இடம் உண்டா என்று கேட்குமுன், ஏறிப் பாட நாம் யாரை ஆயத்தம் செய்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் எம் குறையையும் மறைத்தலாகாது. பல்லாண்டுகளுக்கு முன், ஓர் ஊரில் மீலாது விழாவையொட்டித் திறந்தவெளியில் இலவச இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஏற்பாட்டுக் குழுவில் யாமும் இருந்தோம். அச்சிட்ட அறிக்கையில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக நின்றன. பாட வந்தவரின் பெயர் இல்லை. ‘மற்றும் இன்னிசை’ என்ற இரு சொற்களே இருந்தன. அவர் மூன்று மணி நேரம் பாடினார். முடிவில், பேசிய தொகையில் பாதியே அவர் கையில் வைக்கப்பட்டது. “இலவச நிகழ்ச்சிதானே பாய்” என்று குழுவினர் ஒருவர் காரணம் கூறினார். அவர் மறுமொழி பகரவில்லை. தாயிராவைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு பேருந்துக்குச் சென்று நின்றார். யாம் கண்டும் வாய்திறந்திலோம். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை அன்று காலையில்தான் மாணவர்க்குப் பாடம் சொல்லியிருந்தோம்.

இலவசம் என்னும் சொல் கேட்போர்க்கு உரியது, கலைஞர்க்கு உரியதன்று. ஊருணி எல்லார்க்கும் பொது. அதனை வெட்டியவன் கூலி பெற்றே வெட்டினான். வக்ஃபு என்னும் நம் அறநெறியின் உட்பொருளும் இதுவே: ஒருவர் கொடுக்கப் பலர் இலவசமாகத் துய்க்கின்றனர், பணியாற்றுவோர் ஊதியம் பெறுகின்றனர். அரசு எடுக்கும் விழாவாயினும் ஜமாஅத்து எடுக்கும் விழாவாயினும் இவ்வளவுகோலுக்கு விலக்கில்லை.

எனவே எம் துணிபு இது. பொதுத்திடல் இலவச இசை நிகழ்ச்சி வாழ வேண்டும். தலைநகரோடு நில்லாது பெரம்பலூர், அரியலூர் போன்ற சிற்றூர்த் திடல்களுக்கும் வர வேண்டும். கோடை இரவில் மொட்டை மாடியிலும் திண்ணையிலும் காற்றுக்காகக் காத்திருக்கும் எம் மக்களுக்கு, ஒரு மாலைக்கு ஒரு கலை, ஒரு குழு, இரண்டு மணி நேரம் போதும். நெரிசலான பத்து உருப்படிகளைவிட நிறைவான ஒன்று மேல். அறிக்கையில் பாடுபவர் பெயர் முதலில் அச்சாகட்டும். கொடுப்பவர் பெயர் பின்னர் வரட்டும். மேடை ஏறுமுன் தொகை கையில் சேரட்டும். நம் இளைஞருள் குரல்வளம் உடைய இருவரேனும் சீறாவை வாசிக்கவும் விரித்துரைக்கவும் பயிலட்டும்.

நடைபாதையில் பையை வைத்து நின்ற அப்பெண்மணி மீண்டும் ஒருநாள் நிற்பார். அன்று அவர் இறுதிவரை நிற்கத்தக்கதாக நம் மேடை இருக்க வேண்டும். தாயிராவோடு பேருந்துக்கு நின்றவரின் கடன் எம்மீது இன்னும் இருக்கின்றது. அதனைத் தீர்க்கும் வழியை வல்ல நாயன் காட்டுவானாக!