பாட்டுக்காரனுக்கு யார் வக்காலத்து?

மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் 'என்ஜாய் எஞ்சாமி' பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் பிறகு விளக்கம் கொடுத்தார். அதற்கு முந்தைய வருடம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையிலும் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் அது பெரிய பேச்சானது.

நாம என்ன செய்தோம்? இரண்டு கட்சியாகப் பிரிந்து, பாட்டு யாருடையது என்று சண்டை போட்டோம். நானும்தான் போட்டேன்.

2024 மார்ச்சில் அந்தச் சண்டைக்கே அர்த்தமில்லாமல் போனது. பாட்டு வந்து மூன்று வருடமாகியும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார். உழைத்தவனுக்கு நிலமில்லை என்று பாடிய பாட்டுக்கே இந்தக் கதி.

ஏஜென்ட் என்றாலே நமக்குத் தரகர், கமிஷன் அடிப்பவர். ஆனால் அட்டையில் யார் படம், மேடையில் யார் பெயர், கணக்கு எந்த மாதம் வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் அவர் வேலை. ரஞ்சித் மாதிரி நண்பர்கள் அட்டை வந்த பிறகுதான் கேட்க முடியும். பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012 காப்புரிமைத் திருத்தம் காக்கிறது. சரி, கணக்கைக் காட்டு என்று போய் நிற்க ஆள் வேண்டாமா? தமிழ் எழுத்தாளனுக்கும் பெரும்பாலும் பதிப்பாளரே மொழிபெயர்ப்பு உரிமையைப் பேசுகிறார். பதிப்பாளரிடமே கேள்வி கேட்கவேண்டி வந்தால் அவனுக்காக யார் பேசுவது?

மாமல்லபுரம் இருக்கும் இதே செங்கல்பட்டுப் பக்கத்தில் வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். அதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அது ஊரறிந்த லாபம்.

நமக்கு வேண்டிய ஏஜென்ட்டும் அப்படித்தான். தன் பங்கை எடுத்துக்கொள்ளட்டும், அது எவ்வளவு என்று பாடியவனுக்குத் தெரிந்தால் போதும்.