உலகம் அழிந்த நாளில் லீவு கிடைத்தவன்

'ஸொம் 100' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதற்பகுதியில் ஒரு காட்சி. இருபத்துநான்கு வயதான அகிரா வழமைபோல் வேலைக்குப் புறப்படுகிறான். வெளியே நடைபிணங்கள் மனிதரைக் கடித்துக் குதறுகின்றன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அவனுக்குச் சட்டென ஓர் எண்ணம் வருகிறது: இனிக் கம்பனிக்குப் போகத் தேவையில்லை! அஞ்சி அழவேண்டியவன் ஆனந்தக் கூத்தாடுகிறான். பார்ப்பவர் சிரிக்கின்றனர். ஆனால் அண்மைக் காலத்தில் நான் பார்த்தவற்றுள் இதைவிடத் துயரமான காட்சி வேறில்லை.

ஹரோ அசோ கதை எழுத, கொதாரோ தகாதா சித்திரம் வரைய, 2018 இல் தொடங்கிய மங்கா சித்திரக்கதையே இதன் மூலம். கசுகி கவகோஏயின் இயக்கத்தில் 2023 ஜூலை முதல் பன்னிரண்டு பகுதிகளாக அது தொலைக்காட்சிக்கு வந்தது. பேய்க்கதை, சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அப்படி ஒதுக்கினால் இழப்பு நமக்கே.

அகிரா ஒரு விளம்பரத் தயாரிப்பு நிறுவனத்தில் கனவுகளோடு சேர்கிறான். வரவேற்பு விருந்து முடிந்த அன்றிரவே எல்லோரும் மீண்டும் அலுவலகத்துக்குத் திரும்பி விடியும்வரை வேலை செய்கின்றனர். அப்படியே மூன்று ஆண்டுகள் கழிகின்றன. இந்தப் பகுதி முழுதும் சாம்பல் நிறம் படிந்து, ஒடுங்கிய சட்டகத்துக்குள் நகர்கிறது. நடைபிணங்கள் வந்ததும் சட்டகம் விரிகிறது, நிறங்கள் பீறிடுகின்றன, இரத்தங்கூடப் பல வண்ணச் சாயமாகத் தெறிக்கிறது. மரணம் நடமாடும் தெருவில் உயிர்ப்பும், உயிருள்ளோர் இருந்த அலுவலகத்தில் மரணமும் என்ற தலைகீழ்ப் படிமம் வசனத்தின் துணையின்றியே நிறத்தால் நிறுவப்படுகிறது. உண்மையான நடைபிணம் யார் என்ற கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அது கலைஞனின் அடக்கம்.

இதை மிகைக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. மிகையுழைப்பால் நேரும் சாவைக் குறிக்க 'கரோஷி' என்று தனிச் சொல்லையே வைத்திருக்கும் சமூகம் அது. அதைத் தடுப்பதற்கென 2014 இல் சட்டம் இயற்றினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய இருபத்துநான்கு வயது யுவதி தற்கொலை செய்துகொண்டார். அது மிகையுழைப்பின் விளைவென அரசு 2016 இல் ஏற்றுக்கொண்டது. 2017 இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 இலட்சம் யென் மட்டுமே. மேலதிக வேலை நேரத்துக்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதும், மிகவும் நெருக்கடியான மாதத்தில் நூறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான மேலதிக வேலைக்கு அது இடம் வைத்திருந்தது. அகிராவின் வயதும் தொழிலும் வெறும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

தொடரின் உச்சம் நடைபிணங்களோடு நடக்கும் போரன்று. நெடுஞ்சாலைத் தங்குமிடமொன்றில் அகிரா தன் பழைய மேலதிகாரி கொசுகியைச் சந்திக்கிறான். கம்பனி இல்லை, சம்பளம் இல்லை, பணிநீக்கம் செய்யும் அதிகாரமும் கொசுகிக்கு இல்லை. ஆயினும் அந்தக் குரலைக் கேட்டதும் அகிராவின் முதுகு தானாக வளைகிறது. மீண்டும் ஏவலாளாகிறான். உலகம் அழிந்த பின்னும் அடிமைத்தனம் அழியவில்லை. அது உள்ளே குடியிருக்கிறது. இனி உங்களுக்குக் கீழ் இருக்கமாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லும் கணமே அவனுடைய மெய்யான விடுதலை. முதற்பகுதியில் அவனுக்குக் கிடைத்தது வெறும் லீவு.

குறைகள் இல்லாமலில்லை. நடைபிணமாகுமுன் செய்யவேண்டிய நூறு காரியங்களை அகிரா பட்டியலிடுகிறான். பகலிலேயே பியர் அருந்துவது, மோட்டார் சைக்கிளில் பறப்பது என அது நுகர்வுப் பட்டியலாகவே தொடங்குகிறது. உரிமையாளரற்ற கடைகளிலிருந்து எடுக்கும் பொருள்களை ஆக்கியவர்களும் அகிராவைப் போன்ற உழைப்பாளிகளே என்பதைத் தொடர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்ணுடலைக் காட்டி இரசிகரை ஈர்க்கும் மலிவான உத்தியும் உண்டு. ஆயினும் பட்டியல் வளர வளர ஓர் உண்மை தெளிகிறது. அகிராவின் சிறுவயது ஆசை பிறரைக் காக்கும் வீரனாவது. வீடு, காணி விற்றுத் திரிந்த நண்பன் கென்ச்சோவுக்கோ மேடையேறி மக்களைச் சிரிக்கவைக்க ஆசை. இரண்டுமே பாடுபட்டுச் செய்யவேண்டிய காரியங்கள். இவ்விளைஞர்கள் உழைப்பை வெறுக்கவில்லை. பொருளற்ற உழைப்பையே வெறுக்கிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டும் மூத்தோருக்குத் தொடர் தரும் பதில் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செப்டெம்பரில் நிறைவுற வேண்டிய இத்தொடர் இடையிடையே தடைப்பட்டு, இறுதி மூன்று பகுதிகளும் டிசம்பர் 25 இலேயே ஒளிபரப்பாகின. அனிமே தொழிலில் குறைந்த கூலிக்கு நெடுநேரம் வரையும் இளங்கலைஞர்களின் நிலை பலகாலமாகப் பேசப்பட்டு வருவது. விடுதலையைப் பாடும் படைப்பும் தவணைக்கு ஓடும் கரங்களாலேயே வரையப்பட வேண்டியிருக்கிறது.

ஹலாலான உழைப்பை இபாதத்தாகக் கொள்பவர்கள் நாம். உடலும் ஆயுளும் அமானிதம் என்பதும் நம் நம்பிக்கைதான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அகிராவின் கூத்தாட்டம் அந்நியமாகத் தோன்றாது. பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தில் 'கீழ்ப்படிவுள்ளவர்' என்று எழுதிக் கையெழுத்திடும் ஆசிரியன் நான். அதைப் பெரும் பாராட்டாகவே இதுவரை எண்ணி எழுதினேன். அந்தத் தங்குமிடத்தில் அகிராவின் முதுகு வளைந்ததைப் பார்த்த பிறகு, அச்சொல்லை எழுதுமுன் பேனா சற்று நின்றுவிடுகிறது.