புளூ ஐஸ் ஒயிட் டிராகன் (யூகியோ அட்டை): ஒரு மதிப்பீடு

புளூ ஐஸ் ஒயிட் டிராகன், யூகியோ என்னும் ஜப்பானிய அட்டை விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற மான்ஸ்டர் அட்டைகளில் ஒன்று. கசுகி தகாஹாஷி 1996-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய சித்திரக்கதையில் இது முதலில் தோன்றியது. கொனாமி நிறுவனம் 1999-இல் ஜப்பானில் இவ்விளையாட்டை அட்டைகளாக வெளியிட்டது. ஆங்கில அட்டைகள் 2002-இல் வந்தன. கதையில் உலகிலேயே நான்கு பிரதிகள்தான் உண்டு. அவற்றில் மூன்றை வைத்திருக்கும் கைபா, நான்காவதைக் கிழித்துவிடுகிறான். இந்தப் புகழுக்கும் ஆட்டத்தில் அட்டையின் உண்மையான பயனுக்கும் உள்ள இடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணைப் பார்க்கும் பழக்கம்

தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அட்டை விளையாட்டு என்றால் பெரும்பாலும் முதலில் அறிமுகமானது மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுதான். உயரம், எடை, மார்பளவு, வென்ற ஆட்டங்கள் என ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய எண் உள்ளவன் எதிராளியின் அட்டையை வாங்கிக்கொள்வான். தரவரிசை தவிர மற்ற எல்லாவற்றிலும் பெரியதே வெல்லும். அட்டையை இறக்குவதற்கு எந்தச் செலவும் கிடையாது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் புளூ ஐஸ் டிராகனுக்கு நிகரில்லை. எட்டாம் நிலை, ஒளிப் பண்பு, தாக்குதல் 3000, தற்காப்பு 2500. ஒருவரின் உயிர்ப்புள்ளி 8000 என்பதால், தடையில்லாமல் மூன்று முறை தாக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் யூகியோவில் எண்ணுக்கு ஒரு விலை உண்டு.

இறக்குவதற்கான விலை

ஏழாம் நிலையும் அதற்கு மேலும் உள்ள மான்ஸ்டரைச் சாதாரண முறையில் இறக்க, களத்தில் உள்ள இரண்டு மான்ஸ்டர்களைப் பலி கொடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மான்ஸ்டரைத்தான் அப்படி இறக்க முடியும். ஆகவே வேறு உதவியில்லாமல் இந்த டிராகன் தன் ஆட்டக்காரரின் மூன்றாம் முறையில்தான் களம் காணும். அதுவரை இரண்டு சிறிய மான்ஸ்டர்களும் எதிராளியிடம் சிக்காமல் பிழைத்திருக்க வேண்டும்.

மூன்று அட்டைகளைச் செலவிட்டு இறக்கிய டிராகனை 'டிராப் ஹோல்' என்ற ஒரே பொறி அட்டை இறங்கிய கணமே அழித்துவிடும். 'ரைகெக்கி' என்ற மந்திர அட்டையும் அப்படியே. இந்த டிராகனிடம் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் எதுவும் எழுதப்படவில்லை. அது திறனற்ற சாதாரண மான்ஸ்டர். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் ஆடுகளைவிட வலியவைதான். ஆனாலும் நகர இடமின்றி அடைபட்டால் புலிக்குத் தோல்வி. கையில் சிக்கி இறங்க வழியில்லாமல் கிடக்கும் டிராகனின் நிலையும் அதுவே.

அதே காலத்து 'சம்மன்ட் ஸ்கல்' ஆறாம் நிலை மான்ஸ்டர். தாக்குதல் 2500, பலி ஒன்றே. அன்று பலியின்றி இறங்கிய மான்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1900-ஐத் தாண்டாதவை. அவற்றை வெல்ல 2500 போதும். மேலும் 500 புள்ளிக்காக இன்னொரு மான்ஸ்டரைப் பலியிடுவது பெரும்பாலும் நட்டக் கணக்கு. தொடக்க காலத்தில் டிராகனை நன்கு ஆடியவர்கள் அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. கல்லறைக்கு அனுப்பிவிட்டு, 'மான்ஸ்டர் ரீபார்ன்' மந்திரத்தால் பலியின்றி எழுப்பினார்கள்.

மூன்று டிராகன்களை இணைத்து உருவாகும் 'புளூ ஐஸ் அல்டிமேட் டிராகன்' (தாக்குதல் 4500) இன்னும் ஆடம்பரம். மூன்று டிராகன்களோடு இணைப்பு மந்திரத்தையும் சேர்த்தால் நான்கு அட்டைகள் ஒன்றாகின்றன. அந்த ஒன்று அழிந்தால் நான்கும் போயிற்று.

எத்தனை பிரதிகள்?

கதையில் அரிதான அட்டையை ஆட்டத்தில் யாரும் மூன்று வைத்துக்கொள்ளலாம். 40 அட்டைக் கட்டில் மூன்று பிரதிகள் இருந்தால், முதலில் எடுக்கும் ஐந்து அட்டைகளில் ஒன்றாவது வர ஏறத்தாழ 34 விழுக்காடு வாய்ப்பு. பொதுக் கட்டில் இது கெடுதல். மூன்று ஆட்டங்களில் ஒன்றை, உடனே பயன்படாத அட்டையோடு தொடங்க நேரிடும்.

2016: கணக்கு மாறிய இடம்

2016-இல் ஆர்லண்டோவில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஷுன்சுகே ஹியாமா புளூ ஐஸ் கட்டோடு பட்டம் வென்றார். அட்டை சிறந்ததே என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் மாறியது அந்த அட்டையல்ல. 1999-இல் இருந்த எண்களே அதில் இருந்தன. சுற்றியிருந்த அட்டைகள்தான் மாறியிருந்தன.

'ஆல்டர்னேட்டிவ்' டிராகனை இறக்க, கையிலுள்ள மூல டிராகனைக் காட்டினாலே போதும், செலவிட வேண்டியதில்லை. இறங்கியதும் எதிராளியின் ஒரு மான்ஸ்டரை அழிக்கும், ஆனால் அந்த முறை தாக்க முடியாது. 'டிரேட் இன்' மந்திரத்தில் எட்டாம் நிலை மான்ஸ்டரைக் கழித்துவிட்டு இரண்டு அட்டைகள் எடுக்கலாம். 'ஒயிட் ஸ்டோன் ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' கல்லறைக்குப் போன முறையின் இறுதியில், கட்டிலிருந்தே ஒரு புளூ ஐஸ் மான்ஸ்டரைக் களத்திற்குக் கொண்டுவரும்.

இக்கட்டில் மூல டிராகன் காட்டப்படுகிறது, கழிக்கப்படுகிறது, கல்லறையிலிருந்து எழுப்பப்படுகிறது. பலி கொடுத்து அதை இறக்குவது அரிது. முன்பு சுமையாக இருந்த அட்டை இங்கே கட்டின் எரிபொருள் ஆகிறது.

மதிப்பீடு

தனி அட்டையாகப் புளூ ஐஸ் டிராகன் விலை மிகுந்தது, காப்பற்றது. எந்தக் கட்டிலும் பொருந்தும் அட்டை அல்ல. எனினும் இதைப் பயனற்றது என்று தள்ளுவதும் டிரம்ப் கார்டு பழக்கத்தின் மறுபக்கமே. அப்போதும் அட்டை தனியாகவே எடைபோடப்படுகிறது. இதற்கென்று அமைந்த கட்டில் மூன்று பிரதிகள் தேவை. மற்றக் கட்டுகளில் ஒன்றுகூட வேண்டாம்.

புதிதாகக் கட்டு அமைப்பவர் எந்தப் பெரிய அட்டையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது களத்திற்கு வர எத்தனை அட்டைகள் செலவாகும்? வராமல் கையிலேயே தங்கினால் வேறு எதற்கு உதவும்? எதிராளி ஒரே அட்டையால் இதை நீக்கினால் நம்மிடம் என்ன மிஞ்சும்? 2002-இன் புளூ ஐஸ் டிராகன் இம்மூன்றிலும் தடுமாறியது. 2016-இன் கட்டு முதல் இரண்டிற்கும் நல்ல விடை வைத்திருந்தது. மூன்றாவதற்கும் கல்லறையிலிருந்து மீளும் வழிகள் இருந்தன.