கரிசக்காட்டில் கிறிஸ்துமஸ் பஜனை

மார்கழி மாதம், விடியக்காலை நாலு மணி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பக்கம், ஏதாவது ஒரு கரிசல் கிராமத்தின் வேதக்கோயில் வாசலில் நின்றிருக்கிறீர்களா? இல்லையென்றால் வருகிற டிசம்பரில் புறப்பட்டுவிடுங்கள். போன வருஷம் நான் போனேன். திரும்பி வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்லித் தீரவில்லை!

அந்தச் சீமையை வெயில் காலத்தில் பார்த்தவர்களுக்கு வெடித்த நிலமும் சீமைக்கருவேலமும்தான் ஞாபகம் இருக்கும். மார்கழியில் போய்ப் பாருங்கள். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, கரையில் கொக்கு நிற்கிறது. மானாவாரிக் காட்டில் கொத்தமல்லிச் செடி பூவெடுத்திருக்கிறது. இருட்டில் நடக்கும்போது செடி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் வாசம் வந்து மூக்கில் ஏறுகிறது. வானம் பார்த்த பூமி என்று நாம் இரக்கத்தோடு சொல்கிற மண் அப்படி மணக்கிறது!

என்னைக் கூட்டிப் போனது நண்பன் ஒருவன். ஜார்க்கண்டில் சந்தாலி மக்களிடையே ஊழியம் செய்கிற அவனுடைய அக்கா, மூன்று வருஷத்துக்குப் பிறகு பண்டிகை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். “அக்கா வந்திருக்கு, பஜனைக்கு வாங்கண்ணே” என்றான். அவ்வளவுதான் அழைப்பு.

மணி அடித்ததும் சபையே தெருவில் இறங்கிவிட்டது. முன்னால் கஞ்சிராவும் தாளமும். நடுவில் ஒரு தாத்தா, ஆர்மோனியத்தை நீளத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். இடது கை காற்றடைக்கிறது, வலது கை கட்டைகளில் ஓடுகிறது. பனிக்கு விரல் விறைத்துப் போனால் இரண்டு பாட்டுக்கு நடுவே வாயில் வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டு அடுத்த பாட்டைப் பிடிக்கிறார். ஒரு வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் எரிகிறது, அடுத்த வீட்டுக் கோலத்தின் நடுவே பூசணிப்பூ மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து, “எங்க வீட்டு முன்னாலயும் ஒரு பாட்டுப் படிச்சிட்டுப் போங்கப்பா” என்றார். நின்று பாடினார்கள். பாட்டி உள்ளே போய்ச் சுக்குக் காபியோடு வந்தார். அந்தக் காபியின் ருசிக்காகவே இன்னொரு முறை போகலாம்!

இந்தப் பஜனைக்குப் பின்னால் உள்ள கதை தெரிந்தால் உங்களுக்கும் என்னைப் போலவே சிலிர்க்கும். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தது 1834-ல். அங்கிருந்து திருமங்கலம், திண்டுக்கல் என்று பரவி, திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையிலும் நிலையம் போட்டது. கப்பலில் பல மாதம் வந்து, அதற்குப் பிறகு மாட்டு வண்டியில் கரிசல் புழுதியைக் கடந்து, நம் ஆட்கள் ‘துரை’ என்றும் ‘துரைசானி அம்மா’ என்றும் கூப்பிட்ட அந்தக் குடும்பத்தார் இங்கே வந்து தமிழ் படித்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, மதுரையில் படித்ததும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில்தான்.

காலராவும் காய்ச்சலும் அந்த மிஷனெரிக் குடும்பங்களை வாரிக்கொண்டு போயின. மனைவியை, பச்சைப்பிள்ளையை இந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. உயிர் பிழைக்க ஒரு குளிர்ந்த இடம் வேண்டுமென்று 1845-ல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்ட்டன்’ என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். நாம் தேனிலவுக்குப் போகிற கொடைக்கானலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. வெயில் காலத்தில் அந்த மலை. வெயில் தணிந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, உபதேசியார்களோடு கிராமம் கிராமமாகச் சுற்றுப்பயணம். ஓய்வுக்கு மலை, உழைப்புக்குக் கரிசல்!

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்த சங்கதி. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை இங்கே கொண்டுவந்து இறக்கியவர்கள் இந்த அமெரிக்கர்கள் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர்களுடைய முன்னோரான பியூரிட்டன்கள் அந்தப் பண்டிகையையே ஒதுக்கியவர்கள். மாசச்சூசெட்ஸில் 1659-ல் போட்ட சட்டப்படி கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-ல் அந்தச் சட்டம் போனது. ஆனாலும் டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறையானது 1856-ல்தான். அதாவது, முதல் மிஷனெரிகள் கப்பலேறிய காலத்தில் அவர்கள் சொந்த ஊரில் அது பலருக்குச் சாதாரண வேலை நாள்.

அப்படியானால் இந்தக் கஞ்சிராவும் தாளமும் விடியக்காலைத் தெரு நடையும் யாருடையவை? நம்முடையவை! மார்கழியில் தெருவில் பாடிப் போகிற வழக்கம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இசையில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அந்தப் பாட்டில் மனதைப் பறிகொடுத்துத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கற்றுக்கொடுக்க வந்தவர் கற்றுக்கொண்டு பாடினார். பண்டிகையைத் துரைமார் நமக்குக் கொடுத்தது பாதி என்றால், நாம் அவர்களுக்குக் கொடுத்தது மீதிப் பாதி. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அதை நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

இதை அக்காவிடம் சொன்னேன். பனங்கிழங்கின் தும்பை உரித்துக்கொண்டே சிரித்தார். “எனக்கும் அதேதான் நடந்துச்சு தம்பி. மொத வருஷம் நம்ம பாட்டை அவங்க பாஷையில மாத்திச் சொல்லிக்கொடுத்தேன். மரியாதைக்குப் பாடுனாங்க. அடுத்த வருஷம் அவங்களே மேளத்தை எடுத்து, கை கோத்து வரிசையா நின்னு ஆடிப் பாடுனாங்க பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு அங்க கிறிஸ்துமஸ் வந்துச்சு. இப்ப நானும் அந்த வரிசையில நின்னு ஆடுறேன்.”

அக்காவைப் போல நம்மவர்கள் புறப்படுவது புதிதல்ல. மிஷனெரிகளைப் பெற்றுக்கொண்ட நாடு தானே மிஷனெரிகளை அனுப்ப வேண்டும் என்று வே. ச. அசரியா, கே. டி. பால் போன்றவர்கள் கூடி வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியதும் ஒரு கிறிஸ்துமஸ் நாளில்தான், 1905 டிசம்பர் 25. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழை பொய்த்தால் கடன் வாங்கி விதைக்கிற இந்தக் கரிசல் ஊரில் இன்றும் வீட்டுக்கு வீடு, காணிக்கை சேர்க்கிற மிஷனெரி டப்பா இருக்கிறது. ஆராதனையில் அவை உடைக்கப்பட்டபோது கொட்டிய சில்லறையின் சத்தத்தை நான் காதால் கேட்டேன். பத்து ரூபாய் நாணயங்களுக்கு நடுவே, நாலாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று. மிளகாய் வற்றலின் சிவப்பு அதில் ஒட்டியிருந்தது.

பண்டிகை அதிகாலை ஆராதனையில் அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவர் பணித்தளத்துக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. அந்தச் சந்தாலி கிராமத்துப் பாட்டு ஒன்றை எடுத்தார். முதல் அடி முடிவதற்குள் ஆர்மோனியத் தாத்தா சுருதியைக் கண்டுபிடித்துவிட்டார். கஞ்சிராப் பையன் இரண்டு முறை தடுமாறி, மூன்றாவது முறை தாளத்தைப் பிடித்தான். திரும்பத் திரும்ப வருகிற அடியைச் சபை முழுக்கப் பாட ஆரம்பித்தது, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வரும்போது ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “என்ன பாஷையோ தெரியல. ஆனா நம்ம பஜனை மாதிரியே இருந்துச்சு.”

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா தாத்தாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் வாசித்ததைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். அங்கே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். தாத்தா விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொண்டு, “அந்தப் பாட்டையும் வாசிக்கிறேன், சரியா இருக்கான்னு அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லு தாயி” என்றார்.