லோடு கட்டும் கை

மேச்சேரிக்குப் பக்கத்தில் பொட்டனேரி இரும்பாலையிலிருந்து கம்பிச் சுருள் ஏற்றிவரும் லாரிகளைக் கண்டால், என் கண் முதலில் கட்டின் மேல்தான் போகும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். அதனால் அடியில் மரக்கட்டை கொடுப்பார்கள். பிரேக் அடித்தால் வண்டிதான் நிற்கும், சரக்கு முன்னால் பாயப் பார்க்கும். கேபினில் இருப்பவரின் உயிர் சங்கிலியின் பிடியில் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது சேலத்து ஜவ்வரிசி மூட்டை லோடு. தார்ப்பாயைப் பின்னாலிருந்து போட்டு வருவார்கள். முன்பாய் பின்பாயின் மேல் ஏறிக்கிடக்கும். எதிர்க்காற்றுக்கு நுழைய இடமில்லை. கிளீனர் கயிற்றை மேலே வீசி, மறுபக்கக் கொக்கியில் மாட்டி, டயரில் காலை ஊன்றி உடம்பையே சாய்த்து இழுப்பார். கயிற்றிலேயே ஒரு கண்ணி வைத்து, முனையை அதில் விட்டு இழுத்தால் கப்பி போட்டதுபோல் வலு கூடும். அவிழ்க்கவோ ஒரே இழுப்பு போதும். என்ன அழகான முடிச்சு!

கொஞ்ச தூரம் ஓடியதும் குலுங்கலில் மூட்டைகள் அமர்ந்து கயிறு தளரும். இறங்கிப் பார்த்து மறுபடி இறுக்கும் ஓட்டுநரை நான் மனதார மதிக்கிறேன். அவருடைய கேபினிலும் அதே ஒழுங்குதான்: ஸ்டவ், அரிசி டப்பா, பாத்திரம் எல்லாம் பெட்டிக்குள், இடுக்கெல்லாம் பழைய துணி.