நாற்காலியின் விலை

1991இல் லண்டனின் ஃபாரிங்டன் பகுதியில் ‘தி ஈகிள்’ என்ற பழைய மதுக்கடையை எடுத்து நடத்திய இருவர், குடிக்கும் கூடத்திலேயே அடுப்பை மூட்டி நல்ல சாப்பாடு போட்டார்கள். ‘காஸ்ட்ரோபப்’ என்ற பெயர் அங்கிருந்து பரவியது. குடியோடு சோறு சேர்ந்தால் விருந்து. விருந்தென்று ஆகிவிட்டால் பெண்ணுக்கும் ஓர் இடம் போட்டாக வேண்டும்.

சென்னையில் இந்தப் பாணி பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கிறது. மங்கிய விளக்கு, அலங்காரத் தட்டில் நெத்திலி வறுவல், பெயர் நீண்ட மதுக்கலவைகள். அங்கே ஒரு பெண் யாரும் வெறிக்காமல் இரண்டு மணி நேரம் உட்காரலாம். அந்த நிம்மதியை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் பில்லில் மீனும் மதுவும் மட்டும் இல்லை, அந்த நிம்மதியின் விலையும் சேர்ந்திருக்கிறது. பணம் உள்ளவளுக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வாய்த்தது டாஸ்மாக். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில். கடையை ஒட்டிய பாரில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், அவித்த முட்டை, சுண்டல். அங்கே உணவு ‘சைடு டிஷ்’ மட்டுமே. சின்ன வெங்காயக் காட்டில் களையெடுத்தவளின் கூலியும் சில வீடுகளில் அந்தக் கல்லாவுக்கே போகிறது. அவளுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

இதைப் பண்பாடு என்பவர்கள் புறநானூற்றின் 235ஆம் பாடலைப் படிக்கட்டும். அதியமான் இறந்தபின் ஔவை முதலில் நினைத்து அழுவது, அவன் தன்னோடு பகிர்ந்த கள்ளைத்தான்.

2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் மதுக்கூடத்தில் இருந்த இளம்பெண்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது. 2017இல், நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், கடைகள் ஊருக்குள் இடம் தேடின. அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாமென்று மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்தார். ஒருத்தி உள்ளே போனதற்காக அடிபட்டாள், இன்னொருத்தி கடையே வேண்டாமென்றதற்காக. இவ்விருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்துவது நமக்குப் பழகிவிட்டது. மது விஷயத்தில் பெண் ஒரு முடிவு சொன்னாள் என்பதே இரண்டு இடத்திலும் குற்றமாயிற்று.

ஆகவே பெண் குடிக்கலாமா என்ற பட்டிமன்றத் தலைப்பை ஒதுக்கிவிடலாம். நம் ஊர்ப் பரோட்டாக் கடைகளில் பெண் வந்தால் ‘ஃபேமிலி ரூம்’ என்று உள்ளே கை காட்டுகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு பெண் தனியாக, முன்மேசையில் உட்கார்ந்து, இரண்டு பரோட்டாவும் ஒரு டீயும் நிதானமாகச் சாப்பிட்டு எழ முடியுமா? காஸ்ட்ரோபப்பின் சுவையைப் பற்றிப் பேசுமுன் இதைக் கேட்போம்.