மாயப் புனைவும் கள ஆய்வும்: ‘கசாக்கின் இதிகாசம்’ காட்டும் நெறி

நிகழ இயலாதவற்றைக் கூறும் புனைவுக்கு ஆய்வு தேவையில்லை என்னும் கருத்து ஒன்று உண்டு. நடப்பியல் நாவலாசிரியனுக்கே தரவு வேண்டும். மாயக் கதை கூறுவோனுக்குக் கற்பனையே போதும் என்பது இதன் சாரம். ஓ. வி. விஜயனின் மலையாள நாவல் ‘கசாக்கின் இதிகாசம்’ (1969) இதனை மறுக்கிறது.

1956இல் பாலக்காட்டை அடுத்த தஸ்ராக்கு என்னும் சிற்றூரில் விஜயன் தங்கியிருந்தார். அவருடைய உடன்பிறந்தார் அங்கு ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றினார். அவ்வூரே நாவலில் கசாக்கு ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நிலம் அது. இராவுத்தர், ஈழவர் ஆகியோரின் பேச்சு வேறுபாடுகள் நாவலில் பதிவாகியுள்ளன. தங்கியதற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்தன.

ஆயிரத்தொரு குதிரைகளுடன் வந்த செய்கு பற்றிய கதையை நாவலில் கூறுபவர் அல்லாப்பிச்சா மொல்லாக்கா. வெண்குதிரைகள் பல இருக்க, நோயுற்ற முதிய குதிரையிலேயே செய்கு ஏறிவந்தார். இக்கதையைப் படிப்போர் ஐயுறுவதில்லை. கூறுபவர் யார், கேட்பவர் யார், எம்மொழியில் கூறப்படுகிறது என்பன ஐயத்திற்கு இடமின்றி அமைந்திருப்பதே காரணம். மாயத்திற்கு நம்பகத்தன்மை தருவது நிகழ்ச்சியன்று; நாவே.

இதற்கு ஒரு மறுதலைச் சான்றும் உண்டு. ஆசிரியரே 1994இல் இந்நாவலை ஆங்கிலத்தில் தந்தார். செய்குவும் குதிரைகளும் அதிலும் உள்ளனர். ஆனால் பேச்சு வேறுபாடுகள் மங்கிப் பொதுநடை மேலோங்குகிறது. தொன்மம் ஊராரின் உடைமையாக இருந்த நிலை மாறி, ஆசிரியரின் அணியாகத் தோன்றத் தொடங்குகிறது. எனவே கள ஆய்வால் கிடைத்தது தகவல் மட்டுமன்று என்பது தெளிவு. அகராதிப் பணியிலும் மொழி வரலாற்றிலும் பயின்ற டோல்கீன், தம் கற்பனை உலகிற்கு முதலில் மொழிகளை அமைத்ததும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் படைப்பாளிகளே செய்த ஆய்வுகள். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், மாநில எல்லையில் அமைந்த கோவிந்தாபுரம் போன்ற ஊர்கள் இத்தகைய ஆய்வுக்கு உரிய களங்களாகும். அங்கு மாயக் கதை எழுத முனைவோர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது பேய்களின் பெயரையன்று; அவற்றைப் பற்றிப் பேசுவோரின் சொற்களையே ஆகும்.